தூணுக்கு இந்தப் பக்கம்

திரியெஸ்தே நகரத்து ஓபரா அரங்கம்.
மேல்மாடம், நான்காம் வரிசை, பதினேழாம் இருக்கை.
பதினோரு யூரோ.
சீட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல்:
"பார்வை மறையும்."

மறைப்பது ஒரு தூண்.
கட்டிப்பிடித்தால்
விரல்கள் தொட்டுக்கொள்ளாத பருமன்.
மேடையின் இடப்பாதி எனக்கு.
வலப்பாதி
தூணுக்கு அந்தப் பக்கம், பதினெட்டாம் இருக்கையில்
நேவியோ சன்சினுக்கு.
படகுகளுக்கு வண்ணமடிக்கிறவர்.
கைதட்டும்போது டர்பன்டைன் மணக்கும்.

நவம்பரில் முதல் இரவு.
ஏதோ ஒரு ராஜ்ஜியம், ஏதோ ஒரு துரோகம்.
காதலர்கள் என் பக்கம் வரவேயில்லை.
எனக்கு வாய்த்தது
ஈட்டியோடு நின்ற காவலன் ஒருவன்.
நாற்பது நிமிடம்.
நடுவில் அவன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு
எடையை மாற்றியதை
அந்த அரங்கில் நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன்.
அப்புறம், கீழே வாத்தியக் குழியில்,
ஆளுயரக் குழலை மடியில் சாய்த்தபடி
இரண்டாம் பசூன்காரி.
வாசிக்க வேண்டாத நேரமெல்லாம்
உதடசைய எண்ணிக்கொண்டிருந்தாள்,
வட்டிக் கணக்குப் போடுகிறவள் போல.

குரலுக்கு மட்டும் தூண் கிடையாது.
அது வளைந்து வந்தது.
துறைமுகத்தில் காப்பி மூட்டைகளை நிறுத்து நிறுத்து
எதைக் கண்டாலும் கிலோவில் யோசிக்கும் என் புத்தி
அன்றைக்குத் தராசைக் கீழே வைத்தது.

இடைவேளையில் படிக்கட்டில் நின்று
பாதிகளை மாற்றிக்கொண்டோம்.
"என் பக்கம் குதிரை வந்தது," என்றார் நேவியோ.
"வெள்ளைக் குதிரை. நிஜக் குதிரை.
இளவரசியின் தோளில் மூச்சு விட்டது."
நான் காவலனின் காலைச் சொன்னேன்.
ஈடாகவில்லை என்று எனக்கே தெரிந்தது.

ஜனவரி. போரா காற்று
குடைகளைப் பறித்துக் குப்பைத்தொட்டிகளில் செருகிய இரவு.
திரை விலகுமுன் ஒரு பெண்மணி வந்து அறிவித்தார்:
கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
அவர் நடிப்பார்.
லுப்லியானாவிலிருந்து மாலைப் பேருந்தில் வந்த இன்னொருவர்
ஓரமாய் நின்று பாடுவார்.

அந்த ஓரம் என் ஓரம்.
சாம்பல் நிறக் கோட்டு, மூக்குக் கண்ணாடி,
ஒரு தண்ணீர் பாட்டில்.
நீ இல்லாத இரவை நான் என்ன செய்வேன் என்று
பாட்டில் மூடியைப் பார்த்துப் பாடினார்.
தாளைத் திருப்ப எச்சில் தொட்டுக்கொண்டார்.
என் பாதியில் காதலுக்கு ஆளில்லை,
குரல் மட்டும்.
நேவியோவின் பாதியில்
மீன்தொட்டி மீனாய் வாய் திறந்து மூடும் ஓர் அழகன்,
அவன் மார்பில் சாய்ந்து
நிஜமாகவே அழுத ஒருத்தி.

அன்று படிக்கட்டில் அதிகம் பேசவில்லை.
நேவியோதான், கையுறையை மாட்டிக்கொண்டே,
"கடைசி நாலு வருஷம்
என் மனைவிக்கும் எனக்கும் இப்படித்தான்," என்றார்.
யார் குரல், யார் வாய் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
அலுவலகத்தில் பழைய செய்தித்தாளை விரித்து
மதிய ரொட்டியை வைக்கப் போனேன்.
நவம்பர் நிகழ்ச்சியின் படம், அரைப்பக்கத்துக்கு.
முழு மேடை.
குதிரை இல்லை.
விமரிசனத்தை இரண்டு முறை படித்தேன்.
ஒரு நாற்காலி, ஓர் ஈட்டி,
இவ்வளவுதானா ஒரு ராஜ்ஜியம் என்று
குறைப்பட்டிருந்தார்கள்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது பசி.

போன வாரம் மூன்றாவது.
நாயகி இருபது நிமிடம் செத்தாள்.
ஒருவழியாக விழுந்தது என் பக்கம்.
அரங்கமே மூக்குறிஞ்ச,
பசூன்காரி எண்ணிக்கொண்டிருக்க,
பிணம் மெல்லக் கையெடுத்து
மூக்கைச் சொறிந்தது.
சொறிந்துவிட்டு
மறுபடி அழகாகச் செத்தது.

படிக்கட்டுக்கு ஓடினேன்.
சொன்னேன்.
குழந்தையின் பொய்க்குச் சிரிப்பதுபோலச்
சிரித்தார் நேவியோ.
"இருக்காது, ஃபுல்வியா."
"சத்தியமாக."
"இருக்காது."

கொஞ்ச நேரம்
கதவிடுக்கில் காற்றைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.
அப்புறம் நான் கேட்டேன்:
"உங்கள் பக்கம்
குதிரை திரும்ப வந்ததா?"

"வந்தது," என்றார்.
"இந்த முறை கறுப்பு."